முதலில் எதை மாற்றுவது?



"இந்தத் தடவை கரண்ட் பில் ஏறிவிட்டது. பழையதையெல்லாம் மாற்றிவிட வேண்டியதுதான்" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். சரி, முதலில் எதை மாற்றுவது? கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதை எங்கே போடுவது? கடைக்காரர் ஒன்று சொல்வார். விளம்பரம் வேறொன்று சொல்லும். இயற்பியலைக் கேளுங்கள் என்பதே என் கட்சி.

கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நானே இதில் ஒருமுறை தவறினேன். நிலைக்காந்த மோட்டார் கொண்ட புதிய மின்விசிறி ஒன்றை ஆசையாக வாங்கி, விருந்தினர் அறையில் மாட்டினேன். வருகிறவர்கள் கண்ணில் படட்டுமே என்ற எண்ணந்தான்! கூடத்தில் பழைய விசிறியே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பில்லில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. அதுமட்டுமல்ல, பகலெல்லாம் கூடத்தில் இருக்கும் என் தாயார், "எதற்கு வீண் செலவு?" என்று சித்திரை வெயிலிலும் விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்.

தவறு எங்கே? கணக்கைப் பார்ப்போமா?

பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். புதியது சுமார் 30 வாட். மிச்சம் 45 வாட். கூடத்து விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடுவதாகக் கொள்வோம். 45 × 15 × 300 என்று பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 200 கிலோவாட்-மணி, அதாவது 200 யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் மிச்சம். விசிறியின் விலை 3,000 ரூபாய் என்றால் இரண்டரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்.

அதே விசிறி விருந்தினர் அறையில் நாளுக்கு ஒரு மணி நேரமே ஓடினால்? ஆண்டுக்கு 81 ரூபாய்தான் மிச்சம். போட்ட பணம் திரும்ப 37 ஆண்டுகள் ஆகும்! அதற்குள் விசிறியே ஓய்ந்துவிடும் அல்லவா?

விசிறி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஓடும் நேரம் மட்டுமே வேறு. மின்திறன் என்பது வேறு, மின்னாற்றல் என்பது வேறு என்று வகுப்பில் படிக்கிறோம். நாம் பணம் கட்டுவது வாட்டுக்கு அன்று. வாட்டை நேரத்தால் பெருக்கி வருவதற்கே.

கருவிகளின் மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். 2006-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கிய நல்ல ஏற்பாடு அது. 2023 முதல் கூரை மின்விசிறிகளுக்கும் கட்டாயமாயிற்று. ஆனால் அந்தக் கருவி எவ்வளவு திறமையாக வேலை செய்யும் என்பதைத்தான் நட்சத்திரம் சொல்லும். உங்கள் வீட்டில் அது எத்தனை மணி நேரம் ஓடும் என்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே என் வரிசை இதுதான். முதலில், காசு செலவில்லாதவை. குளிர்சாதனப்பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் அதன் வெப்பம் எளிதில் வெளியேறும். ஏ.சி.யை 20 டிகிரியில் வைக்காமல் 24-இல் வைக்கலாம். அடுத்து, மலிவானவை. 60 வாட் குண்டு பல்பு இன்னும் மாலையில் 5 மணி நேரம் எரிகிறதா? 9 வாட் எல்.இ.டி. போடுங்கள். ஆண்டுக்கு 93 யூனிட் குறையும். 100 ரூபாய் பல்பு இரண்டு மாதத்தில் தன் விலையை மீட்டுவிடும். அந்த மிச்சத்தைச் சேர்த்து, அதிக நேரம் ஓடும் விசிறியை மாற்றலாம். எல்லார் வீட்டிலும் 3,000 ரூபாய் ஒரே நாளில் கைக்கு வருமா? சிறியது பெரியதற்கு வழி செய்யட்டும்.

செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்களும் உண்டு. பிடுங்குவது நல்லதுதான். ஆனால் சும்மா செருகியிருக்கும் இன்றைய நல்ல சார்ஜர் ஒன்று ஆண்டு முழுவதற்கும் எடுப்பது 2 யூனிட் அளவுதான். கூடத்து விசிறியின் 200 யூனிட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம்; அளந்து பாருங்கள். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது அருகிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், ஒவ்வொரு மின்னலுக்கும் 1125 ஜூல் செலவாகிறது என்று பொருள் (36,00,000 ÷ 3200). பெற்றோரிடம் சொல்லிவிட்டு மற்றவற்றைச் சிறிது நேரம் நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். இரண்டு மின்னல்களுக்கு இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட் வந்துவிடும். 15 நொடி என்றால் 75 வாட். மீட்டரைத் தொட வேண்டியதே இல்லை, பார்த்தால் போதும்.

பிறகு ஒரு தாளில் கருவி, வாட், நாளுக்கு எத்தனை மணி என்று மூன்று பத்தி எழுதிப் பெருக்குங்கள். எந்த எண் பெரிதோ அதிலிருந்து தொடங்குங்கள். பில்லில் உங்கள் வீட்டின் கடைசிப் படிக்கு என்ன விலை என்பதையும் பாருங்கள். குறையும் யூனிட் அந்தப் படியிலிருந்துதான் கழியும்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? எலக்ட்ரீஷியனை அழைத்து இரண்டு விசிறிகளையும் இடம் மாற்றினேன். "இது பழையதில் பாதிகூட எடுக்காது அம்மா" என்று கணக்கைப் போட்டுக் காட்டினேன். இப்போது அவர் விசிறியை நிறுத்துவதில்லை.

சிக்கனம் என்பது வியர்வையில் உட்கார்ந்திருப்பது அன்று. அதே காற்றைக் குறைந்த ஆற்றலில் பெறுவதே சிக்கனம். அதற்கு வேண்டியது உங்களுக்குத் தெரிந்த பெருக்கல் கணக்குத்தான். இன்று மாலையே தொடங்கலாமே!