மரோசரித்ரா: வெறும் காதல் படமா?

நெல்லையிலிருந்து மாற்றலாகி சித்தூரில் மூன்று வருஷம், இப்போது திருப்பதி கிளை. போன வாரம் பாலசந்தரின் 'மரோசரித்ரா'வை (1978) மறுபடி பார்த்தேன். எல்லோரும் காதல் படம் என்பார்கள். எனக்கென்னவோ, இது நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் படம்.

விசாகப்பட்டினத்தில் தமிழ்ப் பையன் கமல், பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் சரிதா. சின்னவர்களுக்கு மொழி தடையே இல்லை, பெரியவர்களுக்குத்தான். ஒரு வருஷம் பிரிந்திருக்கச் சொல்கிறார்கள். கடைசியில் இருவருமே மிஞ்சவில்லை. இந்தப் படம் டப்பிங் இல்லாமல் தெலுங்கிலேயே சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. 1981-ல் இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' எடுத்தபோதும் பாலசந்தர் பையனைத் தமிழனாகவே வைத்தார்.

என் மகள் எதிர்வீட்டுத் தோழியோடு தெலுங்கில் சிரித்துப் பேசினால், "தமிழ்ல பேசு" என்று அதட்டுவேன். தமிழ் வேண்டும்தான், அதட்டல் வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் வீட்டில் எப்படி?