ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்!



கரண்டு பில் கட்ட இனிமேல் ஆபீசுக்கு அலைய வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், ஒரே ஒரு தடவை சம்மதம் கொடுத்தால் போதும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று ஊருக்குள் பேச்சு நடக்கிறது. கைபேசிச் செயலியில் ‘ஆட்டோ பே’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வங்கிக்குப் போனால் அதற்கென்று படிவம் இருக்கிறது. மில்லிலும் கம்பெனியிலும் மாதச் சம்பளம் வாங்குகிற நம் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் போட்டுவிட்டு, “அப்பா, உங்க கணக்குக்கும் போட்டு விடவா?” என்று பாசமாகக் கேட்கிறார்கள்.

போடலாமா வேண்டாமா என்று சங்கக் கூட்டத்தில் பலரும் கேட்டதால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் வசதிக்கு எதிரி இல்லை. திருச்சுழிக்கோ நரிக்குடிக்கோ பஸ் ஏறிப் போய் இருநூறு ரூபாய் பில் கட்ட ஒரு நாள் கூலியை விடுகிற கொடுமை நமக்குத் தெரியாததா? மாதம் பிறந்தால் சம்பளம் விழுகிற கணக்குக்குத் தானியங்கிப் பிடித்தம் நல்ல ஏற்பாடுதான். மறதி இல்லை, அபராதம் இல்லை, பீஸைப் பிடுங்கிக்கொண்டு போவார்களோ என்ற பயமும் இல்லை. ஆனால் நம்ம கணக்கு அப்படிப்பட்ட கணக்கா?

இது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைக்கிறோம். மக்காச்சோளமோ பருத்தியோ வத்தலோ வீடு வந்து சேர்ந்து காசாக மாறத் தை, மாசி, பங்குனி ஆகிவிடும். கண்மாய் பெருகாத வருடம் அதுவும் கிடையாது. மிச்ச மாதமெல்லாம் ஆட்டை விற்றும், கரிமூட்டம் போட்டும், கூலிக்குப் போயும்தான் அடுப்பு எரிகிறது. நம் வங்கிக் கணக்கில் என்றைக்காவது ஆயிரம், ரெண்டாயிரம் கிடக்கிறது என்றால் அது விதைக்கு வைத்த காசு, நகையை அடகு வைத்த காசு, பயிர் இன்சூரன்சில் வந்த காசு. ஒவ்வொரு ரூபாய்க்கும் வீட்டில் ஏற்கனவே பேர் எழுதியாகிவிட்டது. எதை முதலில் கொடுப்பது, எதைப் பத்து நாள் தள்ளிப்போடுவது என்று நம்ம வீட்டுப் பெண்கள் போடுகிற கணக்கில்தான் குடும்பம் ஓடுகிறது. தானியங்கிப் பிடித்தம் என்பது அந்தக் கணக்குப் போடும் உரிமையை வேறு கைக்கு மாற்றிவிடுவது. வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. எந்த நாளில் கொடுப்பது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

இதெல்லாம் வெறும் பயம் என்று நினைக்காதீர்கள். பைக் தவணைக்கு இப்படிச் சம்மதம் கொடுத்த நம் உறுப்பினர் ஒருவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லை. பிடித்தம் திரும்பியது. திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் போட்டது. அடுத்த வாரம் மறுபடி முயற்சி செய்தார்கள், மறுபடி திரும்பியது, மறுபடி கட்டணம். அந்தக் கட்டணம் கணக்கில் பாக்கியாகவே நின்றது. பருத்தி விற்ற பணத்தை அவர் நம்பிக் கணக்கில் போட்ட அன்றைக்கு முதல் வேலையாக அதுதான் கழிந்தது. தவணைக் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கரண்டு பில்லுக்கும் இதே கதை வந்தால்? இருநூறு ரூபாய் பில்லுக்கு அதைவிடப் பெரிய தண்டம் கட்ட வேண்டி வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இன்னொன்று பலருக்கும் தெரியாது. 2007-ஆம் வருடத்துப் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டம் என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அதன் 25-ஆவது பிரிவுப்படி, நாம் சம்மதம் கொடுத்த மின்னணுப் பிடித்தம் கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அது செக் திரும்புவது மாதிரியே குற்றம். 2 வருடம் வரை சிறை, அல்லது தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகு 15 நாளில் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கரண்டு பில்லுக்காக யாரையும் ஜெயிலில் போட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பொத்தானை அமுக்கச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? கவுண்டரில் கட்டத் தவறினால் பீஸ் பிடுங்குவதோடு போகிற விஷயம், சம்மதம் கொடுத்துவிட்டுத் தவறினால் வேறு சட்டத்துக்குள் போய்விடுகிறது.

“உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, பிறகு எதற்குக் கத்துகிறீர்கள்?” என்று கேட்பார்கள். கட்டாயம் என்பது என்றைக்கும் கட்டாயம் என்ற பேரோடு வருவதில்லை. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். முகாம் போட்டார்கள். இணைக்காதவர்கள் பில் கட்டவே திண்டாடினார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி வரை கொண்டுபோனார்கள். செத்துப்போன தாத்தா பேரில் இணைப்பு வைத்திருந்தவன் எல்லாம் அலையாய் அலைந்தான். அந்த அனுபவம் நமக்குப் போதும்.

அரசு கொடுக்கிற காசையே கணக்கில் காப்பாற்ற முடியாத காலம் இது. 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்குகளில் விழுந்தது. சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி அதிலேயே கைவைத்தன. அன்றைக்கு நிதியமைச்சராகவும் நம் திருச்சுழித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் தங்கம் தென்னரசு. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அவரே அறிக்கை விட வேண்டியிருந்தது. அப்போது மின்துறையும் அவர் கையில்தான் இருந்தது. நிதியும் மின்சாரமும் ஒரே கையில் இருந்தபோதே, நம் தாய்மார்களின் ஆயிரம் ரூபாயை வங்கிக் கணினியிடமிருந்து காப்பாற்றுவது அவ்வளவு லேசாக இல்லை.

நூறு நாள் வேலைக் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் கடைசியிலிருந்து கூலி நின்றது. 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 ஜனவரியில் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அரசு கொடுக்க வேண்டிய கூலி வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம், ஏழை கொடுக்க வேண்டிய பில் மட்டும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் தானாகக் கழிய வேண்டுமா? இது என்ன நியாயம்?

சரி, மாதாமாதம் என்ற பேச்சுக்கு வருவோம். நம் மாநிலத்தில் வீட்டுக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் கணக்கெடுப்பு. மாதாமாதம் எடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. 2025 முடிகிற வரை அது வரவில்லை. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மீட்டருக்கான டெண்டரும் விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது.

மாதக் கணக்கு வந்துவிட்டாலே பில் குறைந்துவிடும் என்று பலரும் நம்புகிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே வைத்துக்கொள்வோம். ரெண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்! 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கும் உண்டான 2 ரூபாய் 25 காசுச் சலுகை பறிபோய், அதுவும் 4 ரூபாய் 50 காசு ஆகிவிடுவதுதான் காரணம். இப்போது அதே 510 யூனிட்டை மாசியில் 200, பங்குனியில் 310 என்று பிரித்துக் கணக்கெடுத்ததாக வையுங்கள். அடுக்குகளையும் பாதியாக்கி, மாதம் 50 யூனிட் இலவசம் என்று வைத்தால் மொத்தம் 2,027 ரூபாய் 50 காசு வருகிறது. மிச்சம் ரெண்டரை ரூபாய்! அடுக்குகளைக் குறைக்காமல் மாதாமாதம் 100 யூனிட் இலவசம் என்று வைத்தால் முதல் மாதம் 225, அடுத்த மாதம் 720, ஆக 945 ரூபாய்தான்.

ஆக, மாதாமாதமா என்பது பாதிக் கேள்விதான். அடுக்கு எவ்வளவு என்பதுதான் முழுக் கேள்வி. 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் ஏறியது. தொகை மாறினாலும் இந்த வித்தை மாறவில்லை. பில்லைக் கையில் வாங்கி, அட்டையில் எழுதின யூனிட்டைப் பார்த்து, எண்ணிக் காசு கொடுக்கிறவனுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும். தானாகக் கழிகிற காசை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் கரண்டுக்கும் கேஸுக்கும் மாதப் பிடித்தம்தான். வருடச் செலவை உத்தேசமாகப் போட்டு மாதம் ஒரே தொகையாக எடுப்பார்கள். 2022-இல் கட்டணம் மளமளவென்று ஏறியபோது, அக்டோபர் 1 முதல் பிடித்தச் சம்மதத்தையே ரத்து செய்வோம் என்று அங்கே ஜனங்கள் இயக்கம் நடத்தினார்கள். பாக்கி வைத்தவர்கள் வீட்டுக்குள் வலுவில் நுழைந்து முன்பண மீட்டர் மாட்டிய கூத்து வெளியே வந்து, 2023 பிப்ரவரியில் அதை நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் அங்கே ஒரு நல்லதும் இருக்கிறது. தப்பாகப் பிடித்தம் செய்தால் வங்கி உடனே முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், தகராறு எல்லாம் அப்புறம்தான். இங்கே முன்கூட்டியே தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021-இல் கண்டிப்பாக அமலுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேட்காமல் எடுக்கிற வரம்பை மறு வருடமே 5,000-லிருந்து 15,000 ரூபாய் ஆக்கியதும் அதே ரிசர்வ் வங்கிதான். பதினைந்தாயிரம் ரூபாய்! நம்மில் எத்தனை பேர் கணக்கில் அவ்வளவு இருக்கிறது?

கரண்டுக்கும் விவசாயிக்கும் உள்ள கணக்கு ரத்தத்தால் எழுதப்பட்டது. கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு விவசாயிகள் பலியானார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியில்தான் 1984-இல் சிறு விவசாயிக்கும், 1990-இல் எல்லா விவசாயிக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. கேட்டதால் கிடைத்தது, சும்மா கிடைக்கவில்லை. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்தது. வெயில் நம்மது, நிலம் நம்மது. வெளிச்சத்துக்குக் காசு கட்டுகிற முறையிலாவது நம் சொல் எடுபட வேண்டாமா?

உறுப்பினர்களுக்குச் சில வார்த்தை. பில் தப்பு என்று பட்டால் பயப்படாதீர்கள். 2003 மின்சாரச் சட்டம் 56-ஆவது பிரிவுப்படி 15 நாள் எழுத்து நோட்டீஸ் இல்லாமல் பீஸ் பிடுங்கக் கூடாது. தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது கடந்த 6 மாதச் சராசரி, இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால் இணைப்பைத் துண்டிக்க முடியாது. மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வத்தல் விற்ற கையோடு நாலு காசு இருந்தால் பில்லுக்கு முன்பணமாகக் கட்டி வைக்கவும் வழி இருக்கிறது. நம் அறுவடைக்குப் பொருந்துகிற ஏற்பாடு அதுதான். ஏற்கனவே ஆட்டோ பே போட்டவர்கள் உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள். வேண்டாம் என்றால் ரத்து செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நாம் கேட்பது:

1. தானியங்கிப் பிடித்தத்தை எந்த ரூபத்திலும் கட்டாயமாக்கக் கூடாது. ரொக்கம் வாங்கும் கவுண்டரை மூடக் கூடாது. மாதம் ஒரு நாள் ஊராட்சியிலேயே வசூல் முகாம் வேண்டும்.

2. தமிழில் பில் கொடுத்து, ஆட்சேபிக்க அவகாசம் தந்த பிறகே பிடித்தம். தப்பாகப் பிடித்தால் உடனே முழுத் தொகையும் திரும்ப வேண்டும்.

3. உரிமைத் தொகை, வேலைக் கூலி, பயிர் இழப்பீடு, முதியோர் பென்சன் இவற்றில் எந்தப் பிடித்தமும் தண்டக் கட்டணமும் கூடாது.

4. மாதக் கணக்கெடுப்பு வேண்டும். அடுக்கைப் பாதியாக்காமல், மாதம் 100 யூனிட் இலவசத்தோடு வேண்டும்.

5. மானாவாரி விவசாயிக்கு அறுவடை முடிந்து கட்டும் வசதி வேண்டும். வறட்சி வருடத்தில் பீஸ் பிடுங்கக் கூடாது.

6. முன்பண மீட்டர் வேண்டவே வேண்டாம்.

இந்தக் கோரிக்கைகளோடு அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். திருச்சுழி மின்வாரிய அலுவலகம் முன்பும் கூடுகிறோம். வரும்போது உங்கள் வெள்ளை அட்டையையும் வங்கிப் பாஸ்புக்கையும் கையோடு கொண்டு வாருங்கள். நம் கஷ்டத்துக்கு அந்த ரெண்டையும் விடப் பெரிய சாட்சி வேறில்லை.

விளக்கு நம் வீட்டில் எரிகிறது. அதற்குக் காசு கொடுக்கிற கையும் நம் கையாகவே இருக்கட்டும்!

திரண்டு வாரீர்! ஒன்றுபடுவோம்! உரிமை காப்போம்!