பொற்கிண்ணத்துப் பால்

சீகாழிக் குளக்கரையிலே மூன்று வயதுப் பிள்ளை அழுத வரலாற்றை அறியாத சைவர் இலர். இறைவன் பணித்தருள, உமையம்மையார் தமது திருமுலைப்பாலைப் பொற்கிண்ணத்திற் பெய்து, அதிலே சிவஞானத்தைக் குழைத்து, அப்பிள்ளைக்கு ஊட்டினார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். இவ்வரலாற்றைப் பண்டித வகுப்பிற் பாடஞ் சொல்லும்போதெல்லாம் மாணாக்கர் மனம் ஞானத்தின்மேற் செல்லும், கிண்ணத்தின்மேற் செல்வதில்லை. அது இயல்பே. ஆயினும் இன்று அந்தக் கிண்ணத்தைப் பற்றியே பேசப் புகுகின்றேன். தாய் தன் பாலைக் கலத்தில் எடுத்துப் பிள்ளைக்குப் புகட்டுவது இழிந்த செயலன்று என்பதற்கு இதனினும் மேலான சான்று நமக்கு வேண்டியதில்லை.

இப்பேச்சுக்கு இப்போது என்ன அவசியம் என்று வாசகர் கேட்கலாம். அளவெட்டி கமக்காரர் வாழும் ஊர். நாதசுரமும் தவிலும் தழைத்த ஊர். இன்று அஃது உத்தியோகம் பார்க்கும் பெண்களின் ஊருமாகும். விடியுமுன்னரே ஆசிரியைகள், தாதியர், வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் பணிபுரிவோர் எனப் பலர் சந்தியிற் பஸ்ஸுக்குக் காத்து நிற்பர். அவர்களுட் சிலர் கைக்குழந்தையை ஏணையில் உறங்கவிட்டு வந்தவர்கள். பிரசவ விடுமுறை முடிந்தது, வேலை அழைத்தது, வந்துவிட்டார்கள். ஆனால் விடுமுறை முடிந்த செய்தி பாலுக்குத் தெரியாது. அது தன் நேரத்துக்குச் சுரந்துகொண்டே இருக்கும். அதற்கு வழி என்ன என்பதே வினா.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். வேலைக்குத் திரும்பிய பின்னரும் தாய் பாலூட்டலைக் கைவிடலாகாது என்று நாம் எல்லாரும் உபதேசிக்கின்றோம். உபதேசம் நன்று. ஆனால் அதற்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் கொடுப்பவர் அரியர். இவ்விரண்டையும் கொடாதவர்க்கு உபதேசஞ் செய்யும் உரிமை இல்லை என்பது என் துணிபு.

ஐவர் செய்த பணி

நம் முன்னோர் தாயரை ஐவகையாக வகுத்தனர்: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். நிகண்டு படித்த மாணாக்கர் இதனை ஒப்புவிப்பர். செல்வர் மனையில் ஒரு பிள்ளையைச் சூழ்ந்து நின்ற மகளிரின் பட்டியல் இது என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நான் இதனை வேறொரு வகையிலும் எண்ணுவதுண்டு. பிள்ளை வளர்ப்பு ஒருத்தியால் ஆகும் காரியமன்று, பலர் கைகொடுத்தாற்றான் ஆகும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்தே இப்பட்டியலை வகுத்தனர் போலும்.

செல்வர் மனைக்குப் புறம்பே வாழ்ந்த ஏழை மக்களுக்கு ஐந்து தாயர் இருந்ததில்லை. ஆனால் அவர்களுக்கு வேலையும் பிள்ளையும் ஓரிடத்தில் இருந்தன. வெங்காயம் நடப் போன பெண் தோட்டக்கரை மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்தினாள்; அழுங்குரல் கேட்டதும் மண் படிந்த கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் பிள்ளை மடுவம் என ஒன்றை வைத்தார்கள். கொழுந்து பறிக்கும் தாய் குழந்தையை அங்கே ஒப்படைத்து, இடையிடையே வந்து பாலூட்டிச் செல்வாள். அவளுடைய நாட்கூலி கொழுந்தின் நிறையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், பாலூட்டிய நேரம் நிறையிற் குறைந்ததும் உண்மையே. அவ்வேற்பாட்டை நான் புகழவில்லை. எனினும் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த தூரம் நடந்து கடக்கக்கூடிய தூரமாய் இருந்தது.

இன்றைய உத்தியோகத் தாய்க்கு அந்த ஐவரும் இல்லை. மரத்தடி ஏணையும் இல்லை. ஐவர் செய்த பணியை ஒருத்தியாய் நின்று செய்து, அதன்மேல் ஆறாவதாக உத்தியோகத்தையும் அவள் செய்கின்றாள்.

இறைத்த கிணறு

'இறைத்த கிணறு ஊறும். இறையாத கிணறு நாறும்' என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்திற் கிணற்றை நம்பி வாழும் கமக்காரனுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலுக்கும் இதுவே விதி என்று மருத்துவ நூலார் சொல்லுகின்றனர். மார்பிலிருந்து பால் எடுக்க எடுக்கப் புதுப்பால் ஊறும். எடாது தேங்கினால், இனிச் சுரக்க வேண்டாம் என்று உடல் தானே அறிந்து சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அதற்குள் மார்பிற் பால் கட்டி வலிக்கும். சிலருக்கு அழற்சி உண்டாகிக் காய்ச்சலும் வரும்.

முதல் மாதங்களிலே குழந்தை ஒரு நாளில் எட்டு முதற் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும் தாய் அவற்றுள் நான்கைந்து முறையை இழக்கின்றாள். அம்முறைகளில் இரண்டையேனும் பால் எடுத்து ஈடுசெய்தால் ஊற்று வற்றாது. எடுப்பதற்குக் கைகளே போதும். கடைகளில் 'பம்ப்' என்று கேட்டு வாங்கும் சிறுபொறியும் இப்போது உண்டு. சுத்தமான மூடிய பாத்திரத்தில் எடுத்த பால் 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் வரை நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் நிற்கும். எங்கள் வெயிலில் அந்த நான்கு மணித்தியாலத்தை நம்பலாகாது. பனிக்கட்டி வைத்த சிறு பெட்டியேனும் வேண்டும். மறுநாள் பேர்த்தியார் அதனை வெந்நீரிற் பாத்திரத்தோடு வைத்து இளஞ்சூடாக்கிச் சங்காலோ கிண்ணத்தாலோ புகட்டலாம். இதில் விளங்காத வித்தை ஒன்றுமில்லை.

வேறொன்றையும் சொல்லவேண்டும். பால் இறங்குவதற்கு மனம் அமைதியாய் இருத்தல் வேண்டும். அச்சமும் அவசரமும் பாலைத் தடுக்கும். பாடசாலை மலசலகூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, மணி அடித்துவிடுமோ, யாரேனும் தட்டுவார்களோ என்று நடுங்கி நிற்பவளுக்குப் பால் எங்கிருந்து இறங்கும்?

என்னிடம் பாடங்கேட்ட ஆசிரியை ஒருவர் வன்னியில், வீட்டிலிருந்து 60 கிலோமீற்றருக்கு அப்பால், கற்பிக்கின்றார். சென்ற ஆண்டு அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, வீட்டில் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கிறார்கள். நான் அங்கே என் பாலைப் பிழிந்து கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு வகுப்புக்குப் போகிறேன்." வைக்க இடமில்லை, ஆகவே ஊற்றினார். ஒரு குடும்பம் தன் சொந்தப் பாலைக் கொட்டிவிட்டு, அதனிற் குறைந்த பாலைப் பணம் கொடுத்து வாங்குகின்றது. இதனினும் பெரிய பொருளாதாரக் கேடு ஒன்றை எந்தப் பொருளியல் ஆசிரியர் எடுத்துக் காட்டப் போகின்றார்?

சட்டமும் தூரமும்

சட்டம் இதனை அறியாததன்று. 1919ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலமைப்பு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளொன்றுக்கு இருமுறை அரை மணித்தியாலம் அளிக்க வேண்டும் என்று சமவாயம் இயற்றிற்று. நமது நாட்டில் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின் வந்த திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணித்தியால வேலையில் இரண்டு இடைவேளைகளை அளிக்கின்றது. தொழில் கொள்வோர் பிள்ளை காப்பகமோ தக்க இடமோ அமைத்திருப்பின் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். அமையாவிடின் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இவ்வுரிமை வந்தது. அரசாங்க சேவையிலுள்ள தாய்க்குத் தாபன விதிக்கோவை 84 வேலைநாட்களை முழுச் சம்பளத்துடனும், அதன்பின் 84 நாட்களை அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்களைச் சம்பளமின்றியும் தருகின்றது. தருவது நன்று. ஆனால் வீட்டுக் கடனுக்கு வங்கி மாதந்தோறும் கழிக்கும் தொகை அரைச் சம்பளத்துக்கு ஏற்பப் பாதியாவதில்லை. ஆகவே முழுச் சம்பளம் நின்றதும் பலர் வேலைக்கு வந்துவிடுகின்றனர்.

பாலூட்டும் இடைவேளையை விதித்தவர்கள் பிள்ளை அண்மையில் இருக்கும் என்று எண்ணியே விதித்தார்கள் என்பது என் எண்ணம். அரை மணித்தியாலத்தில் ஆலையிலிருந்து காப்பகத்துக்குப் போய் வரலாம். கிளிநொச்சியிலிருந்து அளவெட்டிக்குப் போய் வர முடியாது. தூரம் கூடிவிட்ட இக்காலத்தில் இடைவேளை மாத்திரம் பயன்படாது. பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு கதிரை, ஒரு நீர்க்குழாய், பாலைக் குளிர வைக்க ஒரு பெட்டி ஆகிய நான்கும் இடைவேளையோடு சேர்ந்து வரவேண்டும். தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டிலே பஸ் நிலையங்களிற் பாலூட்டும் அறைகளை அரசாங்கம் திறந்து வைத்தது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 50 பேருக்குக் குறையாது வேலை செய்யும் நிறுவனம் பிள்ளை காப்பகம் அமைக்கவேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் விதித்தது. விதித்தவை யாவும் நடைபெறுகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இடமும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே தோன்றிவிட்டது.

'பால்மா குடித்து வளரவில்லையா?'

இவ்விடத்தில் ஒரு தடை எழும். 'இத்தனை பாடு எதற்கு? பால்மா குடித்த பிள்ளைகள் வளரவில்லையா?' என்பர். வளர்ந்தார்கள், மறுக்கவில்லை. பால் போதாத தாயும், நோயுற்ற தாயும், என்ன முயன்றும் தொடர இயலாத தாயும் உளர். அவர்களை ஒருவரும் ஒரு சொல்லும் குறை சொல்லலாகாது. நான் பேசுவது பால் இருந்தும் வழியில்லாத தாயைப் பற்றி.

நமது கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1939ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் பார்த்த சிங்கப்பூரில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் டொக்டர் றோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற பொருள்பட ஒரு பேருரை ஆற்றினார். தாய்ப்பாலை நிறுத்தி டின்பாலைத் திணித்தமையால் ஏழைக் குழந்தைகள் இறந்ததைக் கண்டு நொந்தவர் அவர். 1981ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை ஏற்றது. இலங்கையும் அதனைத் தழுவித் தனக்கென ஒரு கோவை வகுத்தது. நமது குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகச் சென்று உழைத்தார்கள். அதன் பயனாக 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே உண்டனர். உலகம் மெச்சும் எண் இது. வீட்டுவாசல் வரை வந்து காத்த இப்பெருமையைக் காரியாலய வாசலிற் கைவிடுவதா?

மற்றொரு தடை நாணம் பற்றியது. 'இவையெல்லாம் பத்திரிகையில் எழுதும் பொருளா?' என்று என் வயதினர் சிலர் முகஞ்சுளிப்பர். தாய்ப்பாலைப் பாடுவதற்குத் தமிழ்ப் புலவர் எக்காலத்தும் நாணியதில்லை. இறைவனின் கருணைக்கு அளவுகாட்ட வந்த மணிவாசகரும் பாலூட்டும் தாயையே உவமையாக எடுத்தார். கோயிலிற் பாடும்போது வராத நாணம் காரியாலயத்தில் ஓர் அறை கேட்கும்போது மாத்திரம் வருமாயின், அந்த நாணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்தல் தகும்.

நேரசூசி

ஆசிரியன் ஆகையால் நான் அறிந்த இடத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். எந்த ஆசிரியருக்கும் வாரத்திற் சில பாடவேளைகள் ஓய்வாக அமையும். பல ஆண்டுகள் நேரசூசி தயாரித்தவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: பாலூட்டும் ஆசிரியைக்கு அவ்வோய்வை நாளுக்கு ஒன்றாக, இடைவேளையை ஒட்டி அமைத்துக் கொடுப்பது கடினமான காரியமன்று. ஒரு பாடமும் கெடாது. ஒரு சதமும் செலவாகாது. அதிபரும் நேரசூசி எழுதுபவரும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்தால் முடியும். களஞ்சியமாய்க் கிடக்கும் ஒரு சிற்றறையைக் கூட்டித் துடைத்து, உள்ளே தாழ்ப்பாள் இட்டால் இடமும் ஆயிற்று. அந்த ஆசிரியை வந்து கெஞ்சிக் கேட்கும் வரை காத்திராமல், அவர் விடுமுறையிலிருந்து திரும்பும் நாளுக்கு முன்னரே இதனைச் செய்துவைப்பது பண்பு.

கல்விப் பகுதியார் செய்யவேண்டியதும் உண்டு. பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் வரையேனும் தாய்க்கு வீட்டண்மையிற் கடமை கொடுக்கலாகாதா? வன்னிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்பதை நான் மறவேன். அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை எல்லாரும் பங்கிட்டுச் சுமக்கட்டும். கைக்குழந்தைக்காரியின் தலையில் மாத்திரம் ஏற்றுதல் முறையன்று.

வீட்டாரும் இதிற் பங்காளரே. பாத்திரம் கழுவிக் கொதிநீரில் இடுவதும், பாலைத் திகதி எழுதி அடுக்குவதும், இரவிற் பிள்ளையை எடுத்துத் தாயின் அருகிற் கிடத்துவதும் தகப்பன் செய்யக்கூடிய காரியங்கள். அவனைச் சேர்த்து எண்ணினால் அந்த ஐவகைத் தாயருட் கைத்தாய் ஒருவரேனும் வீட்டிற் கிடைப்பார். பேர்த்தியாரும் 'உனக்குப் பால் காணாது' என்ற சொல்லை வாயில் வைக்காதிருப்பாராக. அந்த ஒரு சொல் பல தாயரின் ஊற்றை அடைத்திருக்கின்றது.

தாய்மையைத் தெய்வமாக்கிப் போற்றுவதில் நாம் குறைவைத்ததில்லை. அப்போற்றுதலில் நூற்றில் ஒரு பங்கை எடுத்து ஒரு தாழ்ப்பாளும் ஒரு கதிரையும் ஒரு பாடவேளையும் ஆக்கிக் கொடுத்தாற் போதும். வருகின்ற தவணைக்கு நேரசூசி எழுத அமரும் அதிபர்கள் இதனை நினைவில் வைப்பார்களாக.