அந்தக் காலம் அப்படித்தானாம்!

பழைய ஆங்கிலத் திரைப்படங்கள் இன்று வீட்டுத் திரைக்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் சிலவற்றின் முகப்பில், பிற இனத்தாரை இழிவாகச் சித்திரிக்கும் காட்சிகள் இதில் உண்டு என்னும் பொருளில் ஓர் அறிவிப்பும் இடம்பெறுகிறது. உடனே ஒரு சாரார் சினங்கொள்கின்றனர். "அந்தக் காலம் அப்படி, இன்றைய கண்கொண்டு அன்றையதை அளக்கலாமா?" என்பது அவர்கள் வாதம். படித்தவர்களும் பக்தியுள்ளவர்களும்கூட இதைச் சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்கு இதமான இவ்வாதம் பொய்யானது. அதை யாரினும் நன்கு அறியவேண்டியவர்கள் கத்தோலிக்கராகிய நாம்.

'தி குட் எர்த்' படத்தையே எடுத்துக்கொள்வோம். பெர்ல் பக் அம்மையார் 1931-ல் எழுதிய, சீன உழவர் குடும்பத்தின் கதை அது. 1937-ல் எம்.ஜி.எம். நிறுவனம் அதைத் திரைக்குக் கொணர்ந்தபோது, உழவன் வாங் லுங்காகப் பால் முனியும் மனைவி ஓ-லானாக லூயிஸ் ரைனரும் நடித்தனர். இருவரும் ஐரோப்பாவில் பிறந்த வெள்ளையர், ஒப்பனையால் சீனரானவர்கள். ரைனருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அவர் நடிப்பை நான் குறைகூறவில்லை. ஆயின் ஓ-லானாக நடிக்கப் பெரிதும் விரும்பிய வேறொருவர் அப்போது ஹாலிவுட்டிலேயே இருந்தார். அவர் அன்னா மே வோங். 1905-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சலவைத்தொழில் செய்த சீனக் குடும்பத்தில் பிறந்தவர். பேசாப்படக் காலத்திலேயே உலகறிந்த நடிகை. அவரிடம் பேசப்பட்டதோ, அக்குடும்பத்தைக் குலைக்கவரும் இரண்டாம் தாரத்தின் பாத்திரம். இரக்கத்துக்கு இடமற்ற பாத்திரத்தை மட்டும் சீன இரத்தமுள்ளவளுக்கு ஒதுக்குவதா எனக் கேட்டு, அவர் மறுத்துவிட்டார். படம் வெளிவருமுன்னரே கேட்ட கேள்வி இது. அவருடையது இன்றைய கண்ணா, அன்றைய கண்ணா?

"நடிப்பென்பதே பிறராக மாறுவதுதானே?" என்பர் சிலர். மெய்தான். ஆனால் அம்மாற்றம் ஒருவழிப் பாதையாக இருந்தது. வெள்ளையர் சீனராகலாம், சீனர் வெள்ளையராக முடியாது. முடிந்த ஒருத்தியும் உண்டு, மறைத்துக்கொண்டு. பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான், தாம் தாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லி வெள்ளைக்காரியாகவே வாழ்ந்தார். 1935-ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். மறைக்க முடியாத முகம் வோங்கினுடையது.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஹாலிவுட் படங்களுக்கென 1930-ல் ஓர் ஒழுக்க நெறிமுறை வகுக்கப்பட்டது. அதை எழுதியதில் முதன்மைப் பங்கு டேனியல் லார்டு என்னும் சேசு சபைக் குருவுக்கும் மார்ட்டின் குவிக்லி என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினருக்கும் உண்டு. 1934 முதல் அதைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்திய ஜோசப் பிரீனும் நம்மவரே.

அந்நெறிமுறையில் ஒரு விதி: சமயக் குருக்களைக் கோமாளிகளாகவோ கொடியவர்களாகவோ காட்டலாகாது. காரணமும் கூறப்பட்டிருந்தது. குருவைப்பற்றி எழும் மனப்பான்மை, எளிதில் சமயத்தைப்பற்றிய மனப்பான்மையாக மாறிவிடுமாம். எத்துணைக் கூர்மையான அறிவு! திரையில் ஒருவனைக் கோமாளியாக்கினால் அக்கறை அவன் கூட்டம் முழுவதன்மேலும் படியும் என்பதை 1930-லேயே அறிந்திருந்தோம். அறிந்து, நமக்கு மட்டும் வேலி கட்டிக்கொண்டோம். பிற நாட்டு மக்களை நேர்மையாகக் காட்டவேண்டும் என்றொரு வரியும் அதில் இருந்தது. 1932-ல் போரிஸ் கார்லோஃப் என்னும் ஆங்கிலேயர் ஃபூ மாஞ்சு என்ற சீனக் கொடியவனாக வந்தபோது அவ்வரி உறங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் கூடிவாழ்வதைக் காட்டத் தடை. திரைத்தொழிலார் 1927-ல் வகுத்த பட்டியலிலேயே அது இருந்தது. குருவானவர் புதிதாகப் புனைந்ததன்று. ஆயினும் கடவுளின் சாயலைப் போதித்தவர்கள் கைபட்ட நெறிமுறையில் 1956 வரை அது குடியிருந்தது. எழுத்தில் கறுப்பரை மட்டும் சுட்டிய அத்தடை, நடைமுறையில் ஆசியர்மீதும் பாய்ந்தது. நாயகன் பால் முனி என முடிவானபின், சீனப் பெண்ணொருத்தி அவர் மனைவியாக வருவது எங்ஙனம்? ஆடையின் குறைவை அளந்த நம் நாடா, இந்த அநீதியை அளக்க நீளவில்லை.

அப்படியானால் இப்படங்களைப் புதைத்துவிடலாமா? கூடாது. 2020 ஜூனில் 'கான் வித் த விண்ட்' படத்தை ஒரு நிறுவனம் தன் வரிசையிலிருந்து நீக்கியது. சில நாள்களில் விளக்க உரையோடு திரும்பச் சேர்த்தது. சேர்த்ததே சரி. நீக்கினால் ஹாட்டி மெக்டேனியலின் நடிப்பும் அல்லவா போகும்? ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1940-ல் அவ்விருது விழாவிலேயே சக நடிகரோடு அமரவிடாமல் ஓரத்து மேசையில் அமர்த்தப்பட்டவர்.

என் குறை வேறு. முகப்பில் வரும் அறிவிப்பு மிக மெலிந்தது. தவறு தானாக நேர்ந்ததுபோல அது பேசுகிறது. செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை. 'தி குட் எர்த்' தொடங்குமுன் அன்னா மே வோங்கின் பெயர் திரையில் வரட்டும். அவருக்கு எது மறுக்கப்பட்டது, அவர் எதை மறுத்தார் என்பதும் வரட்டும். அதன்கீழ் அந்த விதியையும், அது இடம்பெற்ற நெறிமுறையை எழுதிய நம்மவர் பெயர்களையும் சேர்த்தே அச்சிடட்டும்.