அரசியல் வேண்டாம் என்போரின் அரசியல்

'கலை கலைக்காகவே' என்னும் கோஷம் ஒரு காலத்தில் நம்மிடையே பலமாக ஒலித்தது. சமுதாயத்தின் அவலங்களைக் கதையிலும் கவிதையிலும் கொணர்ந்தோரை நோக்கி, 'இலக்கியத்தில் அரசியலைக் கலவாதீர்' என்று எச்சரித்தோர் பலர். அவ்வாதத்தின் பொய்ம்மையை முற்போக்கு எழுத்தாளர்கள் அன்றே தோலுரித்துக் காட்டினர். எனினும், அது இன்று வேறொரு புற்றிலிருந்து தலைநீட்டுகின்றது. கணினித் தொழில்நுட்பம் வல்லோர் கூடும் இடங்களிலெல்லாம், 'நிரல் எழுதுவதைப் பற்றி மட்டும் பேசுவோம். செருப்பைப் போல அரசியலையும் வாசலிலே கழற்றிவைத்துவிட்டு வருக' என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது.

இதனைக் கூறுவோர் யாவரும் கபடர் அல்லர். பழுதுபட்ட ஒரு நிரலைத் திருத்த வழிகேட்டு வந்தவன் முன்னே கட்சிச் சண்டையை அவிழ்த்துவிடுவது அநாகரிகமே. ஆயினும், ஒரு விதியின் தன்மையை அதனை வகுத்தோரின் நல்லெண்ணத்தைக் கொண்டு அளவிடலாகாது. அது யாருடைய வாயை அடைத்தது, யாருடைய கையைக் கட்டாது விட்டது என்பதைக் கொண்டே அளவிடல் வேண்டும்.

அமெரிக்காவில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். ஆளில்லா விமானங்கள் பிடிக்கும் படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆராயும் 'மேவன்' என்னும் திட்டத்தில், அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சுக்குக் கூகிள் நிறுவனம் துணைபுரிந்தது. 2018 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ஊழியர் 3,000 இற்கு மேற்பட்டோர், 'போர்த் தொழிலில் நமக்குப் பங்கு வேண்டாம்' எனக் கையொப்பமிட்டுக் குரலெழுப்பினர். சிலர் பதவியையே துறந்தனர். அவ்வாண்டு யூன் மாதத்தில், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவைப் படைக்கலங்களுக்குப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியையும் வெளியிட்டது. பேசியதனாற் கிடைத்த பயன் இது.

முதலாளிகளும் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டனர் போலும். 2019 ஓகஸ்டில், அன்றாட அரசியலை விவாதித்துப் பணிநேரத்தைக் குலைக்கலாகாது என்று அதே நிறுவனம் தன் ஊழியர்க்குப் புதிய விதி வகுத்தது. 2024 ஏப்ரிலில், இஸ்ரேலிய அரசுடன் செய்த கணினிச் சேவை ஒப்பந்தத்தை எதிர்த்து அலுவலகத்தில் மறியலிருந்ததன் தொடர்பில் முதலில் 28 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அலுவலகம் அரசியல் விவாதத்துக்குரிய இடமன்று என்ற உபதேசம் மேலிடத்திலிருந்து மீண்டும் வந்தது. 2025 பெப்ரவரியில், படைக்கலம் பற்றிய அப்பழைய உறுதிமொழி நிறுவனத்தின் கொள்கை ஏட்டிலிருந்து மறைந்துபோயிற்று. வாய்கள் முதலில் மூடப்பட்டன. வாக்குறுதி பின்னர் அழிக்கப்பட்டது. இவ்வரிசையைத் தற்செயல் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு சான்று 'கொயின்பேஸ்' என்னும் கிரிப்டோ நாணய நிறுவனம். தன் தொழில் நோக்கத்தோடு தொடர்பற்ற அரசியற் பிரச்சினைகளில் நிறுவனம் ஈடுபடாது என்றும், அதற்கு உடன்படாதோர் பணம் பெற்றுக்கொண்டு விலகலாம் என்றும் 2020 இல் அதன் தலைவர் அறிவித்தார். ஏறத்தாழ 60 பேர் விலகினர். அதே நிறுவனம், 2024 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலை முன்னிட்டு, கிரிப்டோ வர்த்தகத்துக்குச் சாதகமான வேட்பாளர்களை ஆதரிக்கும் நிதியமொன்றுக்கு 4 கோடி டொலருக்கு மேல் அள்ளி வழங்கியது. 'அது எமது தொழிலோடு தொடர்புடைய அரசியல்' என்று அவர்கள் பதில் கூறுவர். உண்மைதான். ஆனால், எது தொடர்புடையது, எது தொடர்பற்றது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது? ஊழியனின் மனச்சாட்சி தொடர்பற்றதாகவும் முதலாளியின் இலாபம் தொடர்புடையதாகவும் கணிக்கப்படும் இவ்விசித்திரத் தராசைத்தான் நடுநிலைமை என்று நம்மிடம் விற்கின்றனர்.

அரசியலையே பேசாதவனை அரசியல் விட்டுவிடுகின்றதா? உலகெங்குமுள்ள நிரலாளர் தம் ஆக்கங்களைச் சேமித்துப் பகிரும் 'கிட்ஹப்' என்னும் தளம், அமெரிக்க அரசின் தடைச் சட்டங்களுக்கமைய, 2019 இல் ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களிலிருந்தோரின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. அவர்களுள் அரசியலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதோர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். பிறந்து வாழ்ந்த மண்ணே அவர்கள் குற்றமாயிற்று. 'சட்டத்துக்கு இணங்குதல்' என்ற பெயரோடு வரும்போது அரசியலுக்குக் கதவு அகலத் திறக்கின்றது. பாதிக்கப்பட்டவன் 'இது நியாயமா?' என்று கேட்கும்போது மாத்திரம் அது தடைசெய்யப்பட்ட பொருளாகின்றது.

அவ்வாறாயின், கணினி வல்லோரின் கூட்டம் கட்சி மேடையாக மாறவேண்டும் என்பதா என் வாதம்? அன்று. தான் ஆக்கும் பொருள் யாருக்காக, யாருடைய பணத்தால், யாருக்கு எதிராக ஆக்கப்படுகின்றது என்று கேட்பதே தொழில்நுட்பவியலாளனுக்கு உரிய அரசியல். இதற்குச் சிறந்த உதாரணம் டேவிட் பார்னஸ். றேகன் அரசு, அணுவாயுத ஏவுகணைகளைத் தடுப்பதற்கென விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தீட்டி, அதன் கணினி ஆலோசனைக் குழுவில் அவரை அமர்த்தியது. நாளொன்றுக்கு 1,000 டொலர் ஊதியம். போர்த்துறைக்குப் பணியாற்றுவதையே வெறுத்தவரல்லர் அவர். அமெரிக்கக் கடற்படைக்கு ஆலோசகராக இருந்தவர். ஆயினும், மெய்யான போர்ச்சூழலில் ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்கவியலாத மென்பொருளை நம்பி மனித குலத்தின் உயிரைப் பணயம் வைக்கலாகாது எனக் கண்டு, 1985 இல் அக்குழுவிலிருந்து விலகினார். விலகியதோடு நில்லாது, தம் காரணங்களை எட்டுச் சிறு கட்டுரைகளாக எழுதி உலகறியச் செய்தார். அவரது கணினியறிவிலிருந்தே அவரது அரசியல் பிறந்தது. அவ்விரண்டையும் பிரித்திருந்தால், அறிவு ஊமையாகியிருக்கும்.

நமது நாட்டுக்கும் இக்கேள்வி புறம்பானதன்று. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரிற் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரிலில் மக்கள் வீதிக்கு வந்தபோதும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. ஆணை பிறப்பிப்போர் ஆட்சியாளர். அவ்வாணையைக் கணினியில் நிறைவேற்றும் விரல்கள் நம் பல்கலைக்கழகங்களிற் பயின்ற பொறியியலாளருடையவை. அவ்விரல்களுக்குரியவர்கள், தம் சகாக்கள் கூடும் இடத்தில், 'இதனை நாம் செய்யத்தான் வேண்டுமா?' என்று கேட்கலாமா, கூடாதா என்பதே பிரச்சினை.

ஆசிரிய நண்பர்களே, கணினி வகுப்பிலே அக்கேள்விக்கும் இடம் வையுங்கள். மாணவத் தோழர்களே, உங்கள் மன்றங்களில் அரசியல் பேசலாகாது என்று விதி கொண்டுவரப்படுமாயின், அவ்விதியால் ஆதாயம் அடைவோர் யாவர் என்பதை முதலில் விசாரியுங்கள். கருவி தன்னைப் பிடித்த கையைக் கேள்வி கேட்பதில்லை. கருவியைச் செய்பவனும் கேளாதிருந்தால், அவனும் அக்கையிலுள்ள மற்றொரு கருவியே ஆவான்.