குதிரைக்குத் திமிராம்!

குதிரை சிரிக்கிற படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேலுதட்டை மூக்குப் பக்கம் மடக்கி, பல்லெல்லாம் தெரிய, கழுத்தைத் தூக்கி நிற்கும். கீழே யாராவது ஒரு மொக்கை ஜோக் எழுதியிருப்பார்கள். அது சிரிப்பே இல்லை சாமி. ஏதோ ஒரு வாடையைப் பிடித்து, மூக்குக்குள் இருக்கிற ஒரு தனி உறுப்புக்கு அனுப்பி ஆராய்ந்துகொண்டிருக்கிறது. பல சமயம் அது பக்கத்துக் குதிரையின் மூத்திர வாடை. 'சோ க்யூட்' என்று நீங்கள் உருகியது அதற்குத்தான்.

இதோடு போனால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குதிரையின் மற்ற பழக்கங்களுக்கு நாம் வைத்திருக்கிற பெயர்கள்தான் எரிச்சலைக் கிளப்புகின்றன. திமிர், சண்டித்தனம், கெட்ட புத்தி! பழமொழி வேறு இருக்கிறது: குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். விழுந்த ஆளுக்காகப் பரிதாபப்படுகிறோம், சரி. குதிரை ஏன் குழி பறித்தது என்று யாராவது கேட்டோமா? முன்னங்காலால் மண்ணைப் பறிப்பது குதிரையின் வழக்கம். பசித்தால் பறிக்கும், கட்டிப்போட்ட இடத்தில் பொறுமை போனால் பறிக்கும், வயிறு வலித்தாலும் பறிக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது திரும்பி வராது என்பதால் வயிற்றுவலியே அதன் உயிரை எடுத்துவிடலாம். அது வலியில் துடித்திருந்தால்கூட நம்மாள் பழமொழிதான் எழுதியிருப்பான்.

நான் படிப்பது பி.காம்., கால்நடை மருத்துவம் இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே எங்கள் மண்டையில் ஏற்றிய பாடம் ஒன்று உண்டு: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருந்தே தீரவேண்டும். குதிரைக் கணக்கில் 'கெட்ட பழக்கம்' என்று எழுதுகிறீர்களே, அதற்கு எதிர்ப்பதிவு எங்கே என்பதுதான் என் கேள்வி.

லாயத்துக் குதிரைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. கதவு விளிம்பையோ கட்டையையோ முன்பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தை விறைத்து, ஏப்பம் மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை உள்ளே இழுக்கும். ஆங்கிலத்தில் கிரிப்பிங் என்பார்கள். மணிக்கணக்கில் செய்யும். கதவும் போச்சு, பல்லும் தேய்ந்து போச்சு. உடனே கழுத்தில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பிரச்சினை தீர்ந்ததாம்!

இப்போது எதிர்ப்பதிவைப் பாருங்கள். குதிரையின் வயிறு தீனி போட்டாலும் போடாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது எச்சில். எச்சிலோ மென்றால்தான் ஊறும். அதனால்தான் புல்வெளியில் விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரைக்கும் மேய்கிறது. அது பெருந்தீனி இல்லை, உடம்பின் அமைப்பே அப்படி. அந்தப் பிராணியை நான்கு சுவருக்குள் அடைத்து, கால்மணியில் தின்று தீர்க்கிற மாதிரி தானியத்தைக் கொட்டிவிட்டு, மிச்ச நேரம் சும்மா நில் என்றால் அது கட்டையைக் கடிக்காமல் வேறென்ன செய்யும்? காட்டில் திரிகிற குதிரைக் கூட்டங்களில் இந்தப் பழக்கம் கிடையாது. அதிகம் பார்ப்பது பந்தய லாயங்களில், அதாவது லட்சக்கணக்கில் விலை பேசுகிற குதிரைகளிடம். வண்டிக்குத் தேய்மானம் போடுகிறவர்கள் பல் தேய்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது.

நின்ற இடத்தில் இடமும் வலமும் ஊசலாடுகிற குதிரைகளும் உண்டு. 2002இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? லாயத்தில் ஒரு கண்ணாடி மாட்டினார்கள், அவ்வளவுதான். ஊசலாட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தைக்கூடத் துணையாக எடுத்துக்கொள்கிற அளவுக்குத் தனிமை. இதற்குப் பெயர் கெட்ட புத்தியாம்.

தீனி நேரத்தில் கதவை உதைக்கிறதா? உதைக்கிற குதிரைக்கு முதலில் தீனி போட்டு வாயை அடைத்தது யார்? கத்துகிற வாடிக்கையாளருக்கு முதலில் பில் போட்டால் நாளைக்கு வரிசையில் எல்லாரும் கத்துவார்கள். இதற்கு பி.காம். கூட வேண்டாம்.

மெரினாவில் பார்த்திருப்பீர்கள், ஒரு பாலிதீன் பை பறந்தால் போதும், சவாரிக் குதிரை மிரளும். சுற்றி நிற்பவர்கள் 'இவ்வளவு பெரிய உடம்பு, பைக்குப் பயமா' என்று கெக்கலிப்பார்கள். அதன் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. நம் ஆட்கள் சரியாக அந்த இரண்டு இடத்தில் போய் நின்றுகொண்டுதான் பிள்ளையைப் படம் எடுக்கிறார்கள். உதை விழுந்தால் குதிரைக்குத் திமிர். (குதிரைக்காரரை நான் திட்டவில்லை. அவருக்கு அது பிழைப்பு. காசு கொடுத்து ஏறிவிட்டு 'வேகமா ஓட்டுங்க' என்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.)

ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போட்டு, விடையைக் குளம்பால் தட்டும் என்று ஊரே கூடியது. 1904இல் ஒரு குழு போட்டு ஆராய்ந்தும் மோசடி எதுவும் சிக்கவில்லை. ஆஸ்கார் ஃபங்ஸ்ட் என்பவர்தான் கண்டுபிடித்து 1907இல் எழுதினார்: ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை துளி அசைவதைப் பார்த்து நிறுத்திவிடும். கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் அம்பேல். அவருக்கே தெரியாமல் அசைந்த தலையை அது படித்திருக்கிறது! நாமோ அது காதைப் பின்னால் மடக்கி, பல்லைக் காட்டி, காலால் தரையைத் தோண்டிச் சொன்னாலும் 'என்ன சேட்டை பாரு' என்கிறோம்.

'நாள் முழுக்க வைக்கோல் போட்டால் கட்டுபடியாகுமா, துணைக்கு இன்னொரு குதிரை வாங்கவா' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், செலவு பிடிக்கும். பட்டை மலிவு, ஒருமுறை வாங்கினால் போதும். அப்படியானால் வரவு செலவில் அதை அப்படியே எழுதுங்கள் ஐயா: 'வைக்கோல் மிச்சம் பிடித்த வகையில் வரவு'. அதைக் கொண்டுபோய்க் குதிரையின் குணம் என்ற தலைப்பில் எழுதாதீர்கள். எங்கள் வகுப்பில் அப்படி எழுதினால் மார்க் கிடைக்காது.