மனோலோவுக்குப் பின் யார்? பயிற்சியாளர் விவாதத்தில் மறைந்து நிற்கும் இந்தியக் கால்பந்தின் சிக்கல்

புதுதில்லி: எட்டு ஆட்டங்கள், ஒரே ஒரு வெற்றி. இந்தக் கணக்குடன் இந்திய ஆடவர் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் மனோலோ மார்கெஸ் 2025-இல் விடைபெற்றார். இருதரப்பு ஒப்புதலுடன் அவர் பதவி விலகுவதாக அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு 2025 ஜூலை 2-ஆம் தேதி அறிவித்தது. அவரது ஆட்ட வியூகம் தவறா, அடுத்து வரவேண்டியவர் இந்தியரா, வெளிநாட்டவரா என்ற விவாதம் அப்போது ரசிகர்களிடையே எழுந்தது.

வெற்றி பெற்ற ஓர் ஆட்டம் போக, நான்கு ஆட்டங்கள் சமனில் முடிந்தன, மூன்றில் தோல்வி. அடித்த கோல்கள் மொத்தம் ஐந்து. அவற்றில் மூன்று மாலத்தீவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் கிடைத்தவை. 2025 ஜூலையில் வெளியான ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 133-ஆவது இடத்துக்குச் சரிந்தது. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் அதுவே மிகத் தாழ்ந்த நிலையாக இருந்தது.

வியூகம் எங்கே தவறியது?

பின்களத்திலிருந்து குறும் பாஸ்கள் மூலம் பந்தைப் படிப்படியாக முன்னேற்றுவது மனோலோவின் பாணி. இதே பாணியில்தான் 2021-22-இல் ஹைதராபாத் அணியை ஐஎஸ்எல் சாம்பியனாக்கினார். ஆனால், அந்தப் பருவத்தில் 18 கோல்கள் அடித்த நைஜீரிய வீரர் ஒக்பெச்சே அவரிடம் இருந்தார். தேசிய அணியில் அத்தகைய முன்கள வீரர் எவரும் இருக்கவில்லை.

2024-25 ஐஎஸ்எல் பருவத்தில் அதிக கோல் அடித்த இந்தியர், அப்போது 40 வயதான சுனில் சேத்ரி. ஓய்வு பெற்றிருந்த அவரையே 2025 மார்ச்சில் மனோலோ மீண்டும் அழைக்க நேர்ந்தது. கிளப்புகள் முன்கள இடங்களை வெளிநாட்டு வீரர்களைக் கொண்டே நிரப்புவதால், இளம் இந்திய வீரர்களுக்குக் கோல் அடிக்கும் பொறுப்பு அரிதாகவே வாய்க்கிறது. இக்குறையை எந்தப் பயிற்சியாளராலும் சில நாள் முகாமில் சரிசெய்ய இயலாது.

எனினும், மனோலோ மீதான விமர்சனம் முற்றிலும் நியாயமற்றதன்று. கோவா அணியின் பயிற்சியாளராக நீடித்துக்கொண்டே தேசிய அணியையும் அவர் கவனித்தார். கோவாவுக்குச் சூப்பர் கோப்பை கிடைத்தது. இந்திய அணிக்கோ நிலையான ஆடும் பதினொருவர்கூட அமையவில்லை. ஆனால், இந்த இரட்டைப் பொறுப்புக்கு இசைவளித்ததே கூட்டமைப்புதான்.

போட்டியில் மூவர்

பதவிக்கு வந்த 170 விண்ணப்பங்களிலிருந்து காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் டார்கோவிச் ஆகிய மூவரை, ஐ.எம்.விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு தேர்ந்தெடுத்தது.

2016-17-இல் சிறிய கிளப்பான ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியனாக்கியவர் ஜமீல். வலுவான தற்காப்பும் நேரடியான தாக்குதலும் இவரது பலம். இவர் நியமிக்கப்பட்டால், சாவியோ மெடெய்ராவுக்குப் பின் சுமார் 13 ஆண்டுகளில் இப்பொறுப்பை ஏற்கும் முதல் இந்தியராவார் என்ற நிலை அப்போது இருந்தது. கான்ஸ்டன்டைன் ஏற்கெனவே இருமுறை இந்திய அணியை வழிநடத்தியவர். 173-ஆவது இடம் வரை சரிந்த அணி, அவரது இரண்டாவது பதவிக்காலத்தில் 96-ஆவது இடத்தை எட்டியது. ஆனால், அவரது ஆட்டமுறை நீண்ட பாஸ்களை நம்பிய பழைய பாணி என்ற குறை அப்போதே எழுந்தது. டார்கோவிச், ஸ்லோவாகியாவை யூரோ 2020 தொடரில் வழிநடத்தியவர். இந்திய வீரர்களுடன் அவருக்கு நேரடி அனுபவம் இருக்கவில்லை.

உள்ளூர் வீரர்களை நன்கறிந்தவர் என்பதே ஜமீலின் முதன்மைத் தகுதியாக இருந்தது. அவகாசம் மிகக் குறைவாக இருந்ததால் அதன் மதிப்பு அப்போது கூடியது.

அக்டோபரில் சோதனை

2027 ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றில் வங்கதேசத்துடன் கோலின்றிச் சமன் செய்த இந்தியா, ஹாங்காங்கிடம் கடைசி நேர பெனால்டியில் 0-1 எனத் தோற்றது. அப்போது இரு ஆட்டங்களில் ஒரே புள்ளியுடன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. ஹாங்காங், சிங்கப்பூர் அணிகள் தலா நான்கு புள்ளிகள் பெற்றிருந்தன. பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே சவூதி அரேபியா செல்லும். 2025 அக்டோபர் 9, 14 தேதிகளில் சிங்கப்பூருடன் மோதவிருந்த இரு ஆட்டங்களும் இந்தியாவுக்கு வாழ்வா, சாவா என்பதாகிவிட்டிருந்தன. தகுதி பெறத் தவறினால், 2019, 2023 எனத் தொடர்ந்து இருமுறை ஆசியக் கோப்பையில் ஆடிய பெருமை அத்துடன் அறுபடும் என்ற நிலை இருந்தது.

இதனிடையே, கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையவிருந்தது. அது புதுப்பிக்கப்படாததால் 2025-26 பருவம் அப்போது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இந்நிலை நீடித்தால், போட்டி ஆட்டமே இல்லாத வீரர்களைக் கொண்டுதான் புதிய பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சந்திக்க நேரிடும் என்ற நிலை இருந்தது.

ஆகவே, யார் வருகிறார் என்பதோடு, அவருக்கு எத்தனை நாள் முகாம் கிடைக்கும், லீக் எப்போது தொடங்கும் என்பனவற்றுக்கும் கூட்டமைப்பு பதிலளிக்க வேண்டியிருந்தது. இவை தீராமல் பயிற்சியாளரை மட்டும் மாற்றினால், மீண்டும் ரசிகர்கள் இதே விவாதத்தையே நடத்த வேண்டியிருக்கும்.